கம்பான் மாமாவின் வெள்ளைப் புள்ளி

எங்கள் மாவட்டத்தில் ஸ்கேன் பார்க்கப் பழகிய நர்சுகளில் பாதிப் பேர் முதன்முதலில் தொட்ட வயிறு என் மாமாவுடையது. சந்தையில் எதிரே வந்தால் அவர்களுக்கு அவரை அடையாளம் தெரியாது. சட்டையைத் தூக்கினால் தெரிந்துவிடும். ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் இதைச் சோதித்துப் பார்க்கலாமே என்று நான் சொன்னேன். மாமா பொத்தானில் கை வைத்துவிட்டார். புவா அத்தைதான் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

மாமாவின் பெயர் கம்பான். வெளியாட்களுக்கு லுங் கம்பான், அதாவது கம்பான் பெரியவர். அணைத் தண்ணீர் ஏறி இறங்குகிற கரையில் எங்கள் ஊர். வயலுக்கு இறைக்கிற பம்புகளெல்லாம் அவர் தயவில்தான் ஓடுகின்றன. பம்பு மக்கர் பண்ணினால் அவர் உடனே ஸ்பானரை எடுக்க மாட்டார். தலையைச் சாய்த்துக் குழாய்மேல் காதை வைப்பார். கண்ணை மூடிக்கொள்வார். "தண்ணிக்குள்ள இருக்கிற ஃபுட் வால்வுல இலை மாட்டியிருக்கு" என்பார். பெரும்பாலும் இலை இருக்கும். இல்லாவிட்டால், "இப்பதான் கழண்டு போயிருக்கு" என்பார். தோற்றுப்போய் நான் பார்த்ததில்லை.

என் அப்பா ஈரல் நோயில் போனபின், அம்மா கடலோர ராயோங் பக்கம் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டாள். நான் மாமா வீட்டில் இருக்கிறேன். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் விட்டுவிட்டோம். அத்தையோடு சேர்ந்து கோழி சுட்டு விற்கிறேன். இந்த நெல் அறுப்பை மாமா பார்ப்பாரா என்பதுதான் இப்போது எங்கள் மூன்று பேருக்கும் உள்ள கேள்வி. யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. அதற்குப் பதிலாக, கோழிக்கு உப்பு தடவியாச்சா என்று கேட்டுக்கொள்கிறோம்.

வயிற்றைக் காட்டுகிற உத்தியோகம் அவருக்கு வந்தது இப்படித்தான். எங்கள் பக்கத்து மனிதர்களின் ஈரலில் நோய் சத்தமில்லாமல் வளரும், முற்றிய பிறகுதான் மஞ்சளாக வெளியே தெரியும் என்பதால், வருடத்துக்கு ஒருமுறை ஸ்கேன் வண்டி கோயில் வளாகத்துக்கு வரும். ஊரே வெறும் வயிற்றோடு வரிசையில் உட்கார்ந்திருக்கும். ஒரு வருடம் மாமா படுத்தபோது டாக்டர் பென்சரத் திரையைப் பார்த்து, "அடடா, என்ன அழகா இருக்கு" என்றுவிட்டார். மாமாவை அந்த வார்த்தையால் யாரும் சொன்னதில்லை. தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"உங்க ஈரல்ல வலது பக்கம் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கு லுங். பயப்படாதீங்க. மச்சம் மாதிரிதான். ரத்தக்குழாய் சின்ன முடிச்சாச் சுருண்டு கெடக்கு. ஒண்ணும் பண்ணாது."

"அப்புறம் எதுக்கும்மா அழகுங்கிறீங்க?"

"இவ்வளவு தெளிவா யாருக்கும் இருக்காது. புதுசா வர்ற நர்சுங்க இதைப் பாத்துப் பயந்துபோய் ஜனங்களையும் பயமுறுத்திடுறாங்க. இது கெட்டது இல்லைன்னு அவங்களுக்குக் காட்டணும். பயிற்சி நடக்கிறப்போ வந்து படுத்துக்குவீங்களா?"

"படுக்கிறதுதானே? எங்க வீட்டுல கேட்டுப் பாருங்க, அதுல என்னை மிஞ்ச ஆள் கெடையாது."

அத்தை வரிசையிலிருந்தே, "நிஜந்தான்" என்றாள்.

அன்றிலிருந்து, வட்டார சுகாதார நிலையத்தில் பயிற்சி நடக்கும்போதெல்லாம் மாமா போவார். முதல் நாள் இரவு குளிப்பார். தொப்புளைத் தனியாகச் சோப்பு போட்டுத் தேய்ப்பார். காலையில் சாப்பிடாமல் என் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வருவார். பசியில் அவருக்குத் தலை சுற்றும் என்பதால் நான் காத்திருந்து, முடிந்ததும் ஒட்டுச்சோறும் சுட்ட கோழியும் கொடுப்பேன். நர்சுகள் வரிசையாக வந்து வயிற்றில் ஜெல்லைத் தடவிக் கருவியை வைத்து நகர்த்துவார்கள். கை நடுங்குகிற பெண்களுக்கு மாமாவே தைரியம் சொல்வார்: "நல்லா அழுத்தும்மா. உரப் பை தூக்கின ஒடம்பு, ஒடைஞ்சிடாது." கடைசியில் ஒரு டீ சர்ட்டு தருவார்கள். அதில் ஈரலின் படம் இருக்கும். ஒன்றின் முதுகில் நான் மார்க்கரால் 'அரசாங்கச் சொத்து, தட்டக் கூடாது' என்று எழுதிவிட்டேன். கோயில் திருவிழா மூன்று நாளும் மாமா அதைத்தான் போட்டிருந்தார். ஜனங்கள் ஏன் தன்னைச் சுற்றிச் சுற்றி வந்து சிரிக்கிறார்கள் என்று அவருக்குப் புரியவில்லை. தன் ஈரலின் புகழ் என்று நினைத்துக்கொண்டார். அப்படி நினைத்தது தப்பென்று சொல்ல எனக்கும் மனம் வரவில்லை.

இதில் ஒரு தவறு நடந்துகொண்டிருந்தது. எல்லார் கண்ணுக்கும் முன்னால் நடந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த வருடம் ஸ்கேன் வண்டி கோயிலுக்கு வந்தபோது மாமா வரிசையில் உட்காரவில்லை. மாமரத்தடியில் சிகரெட் சுருட்டிக்கொண்டிருந்தார். வீடு வீடாகப் போய் ஆள் கூப்பிடுகிற சுகாதாரத் தொண்டர் பெண்மணி கேட்டதற்கு, "எனக்கு எதுக்கு? உங்களை வருஷத்துக்கு ஒருத்தர் பாக்குறாங்க. என்னை ஒரே நாள்ல இருபது பேர் பாக்குறாங்க" என்றார். அந்தம்மாவும் சிரித்துக்கொண்டு போய்விட்டாள். கவர்னர் ஈரலைக்கூட இத்தனை தடவை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்று அவளே நாலு பேரிடம் சொன்னாள். அதற்கடுத்த வருடமும் அப்படியே. அதற்கடுத்த வருடம் அவரைக் கூப்பிடக்கூட இல்லை.

ஆனால் பயிற்சியில் அத்தனை பேரும் பார்த்தது அந்தப் புள்ளியை. புள்ளி வலது பக்கம். ஈரலின் இடது பக்கப் பாடத்துக்கு வேறோர் ஆள் வருவாள். பக்கத்து ஊர்க்காரி, வைக்கோல் மாதிரி ஒல்லி. அவள் வயிற்றில் உள்ளே இருப்பதெல்லாம் கண்ணாடித் தொட்டி மீன் போலத் தெரியுமாம். மாமாவுக்கு வலது பக்கம் மட்டும்தான் வேலை. கருவி நேராக அங்கே போகும், புள்ளி வரும், "பாத்தாச்சா? இது ஒண்ணும் பண்ணாது. அடுத்தவங்க வாங்க" என்று டாக்டர் பென்சரத் சொல்வார். 'ஒண்ணும் பண்ணாது' என்பதை மாமா இத்தனை வருடத்தில் எத்தனை பேர் வாயால் கேட்டிருப்பார். அது அவர் உடம்பு முழுவதற்கும் சொன்னது என்று எடுத்துக்கொண்டார். யாராக இருந்தாலும் எடுத்துக்கொள்வார்கள்தானே?

எடுத்துக்கொண்டதால் கொய் தின்றார்.

கொய் என்பது எங்கள் ஆண்களின் பலவீனம். அணையில் பிடித்த சின்ன மீனைப் பச்சையாகக் கொத்தி, எலுமிச்சை பிழிந்து, மிளகாயும் வறுத்த அரிசிப் பொடியும் போட்டுப் பிசைவார்கள். பருவமென்றால் செவ்வெறும்பும் சேரும். எலுமிச்சை பட்டதும் மீன் வெளுக்கும். வெளுத்தால் வெந்துவிட்டது என்று அர்த்தம். இது மாமாவின் கூட்டாளி சியாங் லாவின் விஞ்ஞானம். அவர் சின்ன வயதில் துறவியாக இருந்து காவியைக் கழற்றியவர், ஆகவே படித்தவர். அந்தப் பச்சை மீனில் இருக்கிற புழு ஈரலுக்குள் போய்க் குடியிருக்கும், பித்தக் குழாயை அரித்து அரித்துக் கடைசியில் புற்றாக்கும் என்று சுகாதார நிலையச் சுவரில் பெரிய படம் ஒட்டியிருக்கிறது. அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டே கொய் தின்றவர்களை எனக்குத் தெரியும்.

"பூச்சி மாத்திரை எதுக்கு இருக்கு? தின்னுட்டு முழுங்க வேண்டியதுதான்" என்பார் சியாங் லா.

"உனக்கு மாத்திரை. எனக்கு இருபது நர்சு" என்பார் மாமா.

என் அப்பாவும் இதே வட்டத்தில் உட்கார்ந்து தின்றவர்தான். அதைப் பேசி யாரையும் நிறுத்த முடியாது. அத்தை பேசிப் பார்த்துத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். ஆகவே நான் என் வழியைப் பிடித்தேன். அவர்கள் மீனைக் கொத்தி வைத்துவிட்டு சாராயம் எடுக்கவோ, கை கழுவவோ எழுந்து போனால், கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி, அத்தையின் கோழி அடுப்பில் எண்ணெயைக் காய வைத்து மொத்தத்தையும் பொரித்துவிடுவேன். திரும்பிக் கொண்டுவந்து அதே இடத்தில் வைத்துவிடுவேன்.

"எலுமிச்சை இன்னிக்கு ரொம்ப நல்லா வேலை செஞ்சிருக்கு, சியாங் லா. பொன்னிறமா வெந்திருக்கு பாருங்க."

"நாசமாப் போறவளே. இது மீனா, செருப்பா? கம்பான், இவளை எங்கயாவது கட்டிக் குடுத்துத் தொலை."

"யாரு கட்டுவா? போற வீட்டுல மாமனாரையும் பொரிச்சிடுவா" என்பார் மாமா. சொல்லிக்கொண்டே இரண்டு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். என்னைத் திட்டும்போது அவர் என் முகத்தைப் பார்க்க மாட்டார்.

பத்துத் தடவையில் மூன்று தடவை ஜெயித்திருப்பேன். மீதியெல்லாம் அவர்கள் தின்றார்கள்.

போன மழைக்காலத்தில் மாமா சொறிய ஆரம்பித்தார். முதலில் கை, பிறகு முதுகு. அணைத் தண்ணீரில் ஏதோ வந்திருக்கிறது என்றார். குளிர்ப் பவுடர் போட்டுக்கொண்டு வெள்ளைப் பேய் மாதிரி திரிந்தார். கோயில் நாய்க்கும் அவருக்கும் போட்டி வைக்கலாம் என்று நான் சொன்னேன். "நாய்க்குக் காலால சொறிய முடியும். அது அநியாயம்" என்றார். உள்ளே பித்தம் போக வழியில்லாமல் திரும்பி ரத்தத்தில் கலந்தால் அப்படி அரிக்கும் என்று பிறகுதான் சொன்னார்கள்.

அந்த மழை விடுவதற்குள் ஒரு பயிற்சி வந்தது. தரின்யா என்று ஒரு புது நர்சு, மலைப்பக்கத்து ஊரிலிருந்து வந்தவள், வரிசையில் கடைசியாக நின்றாள். மற்றவர்கள் எல்லாரும் புள்ளியைப் பிடித்துவிட்டார்கள். அவளுக்குக் கிடைக்கவில்லை. கருவி வழுக்கி வழுக்கி நெஞ்சுக் குழிக்குக் கீழே, இடது பக்கமாக வந்து நின்றது. பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள்.

"பரவால்ல கண்ணு, மெதுவாத் தேடு. அது எங்கயும் ஓடிடாது" என்றார் மாமா.

அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "டாக்டரம்மா, இங்க ஒரு கிளை அகலமா இருக்கு" என்றாள்.

டாக்டர் பென்சரத் அடுத்த கட்டிலில் இருந்தார். "புள்ளி வலது பக்கம்மா. இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம் போ."

"புள்ளி இல்லம்மா. இது வேற. குழாய் மாதிரி கருப்பா இருக்கு. ரெண்டு மூணு இருக்கு."

டாக்டர் வந்தார். கருவியைத் தன் கையில் வாங்கினார். இடது பக்கம் வைத்தார், சாய்த்தார், மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார், விடச் சொன்னார், மறுபடி இழுக்கச் சொன்னார். பயிற்சியில் அவர் எப்போதும் பேசிக்கொண்டே பார்ப்பவர். அன்று அறையில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. சிரித்த இரண்டு பேரும் தங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னம்மா, என் புள்ளி வேலையை விட்டுட்டுப் போயிடுச்சா?" என்றார் மாமா.

"இருக்கு லுங். அது அங்கயேதான் இருக்கு" என்றார் டாக்டர். பிறகு எல்லாரையும் சாப்பாட்டுக்குப் போகச் சொன்னார். மணி பத்துகூட ஆகவில்லை.

நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். சுரங்கம் மாதிரி ஒரு வளையத்துக்குள் மாமாவைத் தள்ளிப் படம் எடுத்தார்கள். அறுவை டாக்டர் சின்ன வயது, நல்ல மனிதர். ஒரு தாளில் மரம் வரைந்தார். இடது கிளை, வலது கிளை, இரண்டும் சேர்கிற கவட்டை. கவட்டையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

மாமா தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த அறையில் முதன்முறையாக அவருக்குத் தெரிந்த விஷயம் ஒன்று வந்திருந்தது.

"ரெண்டு லைனும் ஒண்ணாச் சேர்ற எடத்துலயா அடைப்பு?"

"ஆமாங்க."

"அப்போ அந்தத் துண்டை வெட்டி எடுத்துட்டு, புதுசா ஒரு டீ ஜாயின்ட் மாட்டிட வேண்டியதுதானே?"

"ரெண்டு பக்கமும் உள்ள ஏறிப் போயிருக்குங்க. வெட்டினா மிச்சம் வைக்க ஈரல் இருக்காது. உள்ள ஒரு சின்னக் குழாய் செருகி விடலாம். பித்தம் எறங்கும், அரிப்பு நிக்கும்."

"குழாய்க்குள்ள குழாய். அது நாங்களும் செய்யிறதுதான். ஆத்திர அவசரத்துக்கு." தாளில் இருந்த வட்டத்தை விரலால் தொட்டார். "அப்படிப் போட்டது ரொம்ப நாள் தாங்காது."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

அத்தைதான் கேட்டாள். "முன்னாடியே தெரிஞ்சிருந்தா?"

"இடது கிளையில மட்டும் இருந்தப்போ கண்ணுல பட்டிருந்தா, அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்துட்டு அனுப்பியிருப்போம்மா. பொழைச்சிருப்பாரு. அதுக்குத்தான் வருஷா வருஷம் ஸ்கேன் பாக்கச் சொல்றது. கடைசியா எப்போ பாத்தாரு?"

அத்தை மாமாவைப் பார்த்தாள். மாமா என்னைப் பார்த்தார். நான் மரத்தைப் பார்த்தேன். என்ன பதில் சொல்வது? இந்த ஜில்லாவில் அவரைவிட அதிகமாக யாருக்கும் பார்த்ததில்லை என்றா?

ஊருக்கு வந்ததும் பெரியவர்கள் கூடி, ஒரு மனிதனுக்குள் இருக்கும் பல உயிர்களில் உடம்பை விட்டு அலைகிறவற்றைத் திரும்பக் கூப்பிடுகிற சடங்கு செய்தார்கள். எல்லாரும் மாமாவின் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டினார்கள். முழங்கை வரை நூல். சியாங் லா மந்திரம் சொல்லும்போது பாதியில் நிறுத்தி மூக்கைச் சிந்திவிட்டு மறுபடி தொடங்கினார். மாமா நூலுக்கு அடியில் ஈர்க்குச்சியை விட்டுச் சொறிந்துகொண்டே, "எல்லா உயிரையும் கூப்பிட்டாச்சா? ஒண்ணு ரெண்டு அணைக்கரையில நிக்கும், அதுங்களுக்கும் கேக்குறாப்ல சத்தமாச் சொல்லு" என்றார்.

டாக்டர் பென்சரத் ஒருநாள் பழக்கூடையோடு வந்தார். எனக்கு அவர்மேல் கோபம் இருந்தது. யார்மேலாவது இருக்க வேண்டுமே. வாசலில் அவர் கழற்றிவிட்ட செருப்புக்குள் விடலாம் என்று மாமரத்திலிருந்து செவ்வெறும்புக் கூடு ஒன்றை இலையோடு ஒடித்துக்கொண்டு போனேன். செருப்பில் குதிகாலின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து சாய்ந்திருந்தது. நாள் முழுக்க ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கிறவர்களுக்கு அப்படித் தேயும். கூட்டைத் திரும்ப மரத்திலேயே வைத்துவிட்டு வந்தேன். கையெல்லாம் கடி.

உள்ளே டாக்டர் மாமாவிடம் மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தார். "எத்தனையோ தடவை உங்க வயித்துல கை வெச்சேன் லுங். ஒரு தடவை இந்தப் பக்கம் நகத்தியிருக்கலாம்."

"நீங்களா மீனைப் பிசைஞ்சு ஊட்டினீங்க?" என்றார் மாமா. "கூடையில கொய்யாப் பழம் இருக்கு, எடுத்துக்குங்கம்மா. எனக்கு இப்போ எதுவும் எறங்கல."

டாக்டர் எடுத்துக்கொண்டார். கடிக்கவில்லை. கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார். போகும்போது பையில் போட்டுக்கொண்டு போனார்.

உள்ளே குழாய் செருகிய பிறகு அரிப்பு நின்றது. கண் மஞ்சள் கொஞ்சம் வெளுத்தது. மாமா பழையபடி பேச ஆரம்பித்தார். எலும்பு மட்டும் வெளியே வந்துகொண்டே இருந்தது. அந்த நேரம் பார்த்து அடுத்த பயிற்சி வந்தது. யாரும் கூப்பிடவில்லை. மாமா தானாகவே முதல் நாள் குளித்துத் தொப்புளைத் தேய்த்தார்.

"போதும், காட்டினது" என்றாள் அத்தை. "காட்டிக் காட்டி என்ன கெடச்சுது? பதினோரு டீ சர்ட்டு."

"இத்தனை நாளா ஒண்ணுமில்லாததைக் காட்டினேன் புவா. இப்போதான் காட்டறதுக்குச் சரக்கு இருக்கு. இப்போ போயி வேணாங்கிறியே."

அத்தை அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கோழியைக் கம்பில் குத்த ஆரம்பித்தாள். ஒரே கோழியை இரண்டு முறை குத்தினாள்.

என் பின்னால் அவர் உட்கார்ந்தபோது வண்டி அழுந்தவேயில்லை. ஏறிவிட்டாரா என்று திரும்பிப் பார்த்துத்தான் கிளப்பினேன்.

அன்று டாக்டர் பென்சரத் வரிசையாக நின்ற புதுப் பெண்களிடம், "எங்க வைக்கச் சொன்னாலும் சரி, யாரா இருந்தாலும் சரி, முதல்ல இடது பக்கம். முழு ஈரலையும் பாத்துட்டுத்தான் கையை எடுக்கணும்" என்றார். இப்போது அங்கே அதுதான் முறையாகிவிட்டதாம். நல்ல முறைதான். ஒவ்வொருத்தியாக வந்து பார்த்தார்கள். அகலமான கிளை, கவட்டை, செருகிய குழாய் என்று எல்லாம் பார்த்தார்கள். கடைசியில் புள்ளியையும் பார்த்தார்கள். அது ஒன்றும் பண்ணாமல் அங்கேயே இருந்தது.

ஒருத்திக்குக் கை நடுங்கியது. மாமா வழக்கமாகச் சொல்வதைச் சொல்ல வாயைத் திறந்தார். நல்லா அழுத்து என்று இப்போது சொல்ல முடியாது, வலிக்கும். "பாத்துக்கோம்மா" என்று மட்டும் சொன்னார். வரிசை முடிவதற்குள் தூங்கிவிட்டார். வயிற்றிலிருந்த ஜெல்லை நான் துடைத்தேன். துணி விலாவில் தட்டித் தட்டிப் போனது. கொடுத்த டீ சர்ட்டு இரண்டு மாமாக்களுக்குப் போதும்.

அன்று சாயங்காலம் மாமா அணைக்கரைக்குப் போக வேண்டும் என்றார். சியாங் லாவும் கூட்டாளிகளும் பாயை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். கட்டையில் மீன் கொத்தி முடிந்து, கிண்ணத்தில் எலுமிச்சையும் பிழிந்தாகிவிட்டது. மாமாவைப் பார்த்ததும் ஒருவர் கிண்ணத்தை முதுகுக்குப் பின்னால் தள்ளினார். மாமா சிரித்தார். "மறைக்காதடா. நான் அதோட மூஞ்சியில எத்தனை வருஷமா முழிக்கிறேன்னு உனக்குத் தெரியும்."

நான் எண்ணெய்ச் சட்டியோடுதான் போயிருந்தேன். இந்த முறை அவர்கள் எழுந்து போகிறவரை காத்திருக்கவில்லை. எதிரிலேயே கல் கூட்டி அடுப்பு மூட்டினேன்.

"வந்துட்டா" என்றார் சியாங் லா. குரலில் வசை ஏறவில்லை.

"பொரிக்கட்டும், விடுங்கடா" என்றார் மாமா.

விட்டார்கள். கிண்ணத்தை அவர்களே எடுத்துக் கொடுத்தார்கள். மொத்தத்தையும் பொரித்தேன். ஆளுக்குக் கொஞ்சம் தின்றார்கள். யாரும் செருப்பு என்று சொல்லவில்லை. கரகரவென்று மெல்லுகிற சத்தம் மட்டும். கிண்ணம் காலியானது. நான் மாமாவைப் பார்த்தேன். ஜெயித்துவிட்டேன் என்றுதான் ஒரு நிமிஷம் நினைத்தேன்.

பிறகு சியாங் லா வேட்டி முனையில் கையைத் துடைத்தார். "வலையில இன்னும் ரெண்டு கெடக்கும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு எழுந்து போனார். வாளியோடு வந்தார். கட்டையைக் கழுவினார். கத்தி விழத் தொடங்கியது. டக், டக், டக்.

யாரும் தலை நிமிரவில்லை. ஒருவர் எலுமிச்சையை நறுக்கினார்.

மாமா தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, பம்பைக் கேட்பதுபோல் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். எங்கே அடைப்பு என்று சொல்வார் என நான் காத்திருந்தேன். அவர் கண்ணைத் திறக்கவில்லை. என் சட்டியில் எண்ணெய் இன்னும் சூடாகத்தான் இருந்தது.